பதினெட்டாம் சேனல்

மவுண்ட் ஐசா
மே 4

அன்புள்ள தம்பி கெல்வினுக்கு,

அக்கா எழுதுகிறேன். கையெழுத்தைப் பார்த்துவிட்டுக் கோழி நடந்த தாள் என்று எறிந்துவிடாதே. உன் முழங்கால் எப்படி இருக்கிறது? மாமரங்கள் பூத்துவிட்டனவா? இங்கே எல்லோரும் சுகம். உன் அத்தான் வாரிக்கும் சுகம். அவர் முதுகுவலி மட்டும் பழையபடி.

ஒரு சேதி. நான் ஒரு கூடார வண்டி வாங்கியிருக்கிறேன்! பிக்கப்பின் பின்னால் கொக்கியில் மாட்டி இழுத்துப் போவது. இரண்டே சக்கரம். மூடியைத் தூக்கினால் படுக்கையும் கூடாரமும் விரியும், மூடிவைத்தால் படுத்துக் கிடக்கும் ஃப்ரிட்ஜ் மாதிரி இருக்கும். நிறம் பச்சை, தவளைப் பச்சை. நான் சமைக்கும் பெட்ரோல் பங்க் கேன்டீனுக்குப் பின்னால் நிறுத்திவைத்திருக்கிறேன். எங்கள் வீட்டு முற்றத்தில் இடமில்லை. எங்கள் முற்றத்தில் கால்பந்து ஆடலாம் என்று உனக்குத் தெரியும். சிரிக்காதே.

வெயில் தணிந்த இந்த மாதங்களில் கூனுனுராவுக்கு உன்னிடம் வரலாம் என்று இருக்கிறேன். தனியாகத்தான். வாரிக்குக்குக் கூடாரத்தில் தூக்கம் வராது.

இப்போது கேள்வி. எட்டாவதோடு நான் பள்ளிக்கூடத்தை விட்டேனா, அது என்னை விட்டதா என்று இன்னும் தெளிவில்லை. நீ படித்தவன், கருவிப் பைத்தியம் வேறு. இந்த மாதிரி வண்டியை இழுத்துக்கொண்டு போகிறவளுக்கு வழி காட்ட எது நல்லது? ஒரே ஒரு நிபந்தனை. போன் வேண்டாம்.

பதிலைக் கேன்டீன் முகவரிக்கு அனுப்பு. வீட்டுத் தபால்பெட்டியில் பச்சைத் தவளை ஒன்று குடியேறியிருக்கிறது, கடிதமெல்லாம் ஈரம்.

உன் தலையில் இன்னும் முடி இருக்கிறதென்று நம்பும்,
ரேலீன்


கூனுனுரா
மே 13

அன்புள்ள அக்கா,

உன் கடிதத்தைப் பார்த்து வாய்க்கால் மதகு மேலேயே குதித்தேன். முழங்கால் கண்டித்தது. மரங்கள் சுகம், பூ இன்னும் வரவில்லை. உன் மணிக்கட்டு எப்படி? கிறிஸ்துமஸில் படியில் விழுந்தாயே, குளிர்ந்த காற்றில் வலிக்கிறதா?

போன் வேண்டாம் என்று நீ சொன்னது ஒரு விதத்தில் சரி. போனில் வரும் வழிப்படத்துக்கு நீ ஏதோ சின்னக் காரில் போகிறாய் என்று நினைப்பு. பின்னால் வண்டி இருப்பது அதற்குத் தெரியாது. குறுக்கு வழி என்று மண் தடத்தில் இறக்கிவிடும். அங்கே திரும்ப இடமிருக்காது. நீ பின்னால் ஓட்டியே வெளியே வர வேண்டும். சின்ன வண்டியைப் பின்னால் ஓட்டுவது பெரிய வண்டியை விடக் கடினம், தெரியுமா? கண் மூடித் திறப்பதற்குள் கொக்கியில் மடங்கிக் குறுக்கே நின்றுவிடும்.

அதனால் உன்னைப் போல் வண்டி இழுத்துப் போகும் கேரவன்காரர்களுக்கென்றே விற்கிற வழிகாட்டிக் கருவி வாங்கலாம். உன் வண்டியின் உயரம், நீளம், எடையைக் கேட்டுக்கொண்டு அதற்கேற்ற வழி சொல்லும். நானே வாங்கி அனுப்புகிறேன்.

ஆனால் போனையும் கூட வைத்துக்கொள். நீ எங்கே இருக்கிறாய் என்று அது எங்களுக்குக் காட்டிக்கொண்டே இருக்கும். நானும் பார்ப்பேன், அத்தானும் வீட்டிலிருந்தே பார்த்து நிம்மதியாக இருப்பார். அவர் வராதது எனக்கு ஆச்சரியம். உன்னை விட்டு ஒரு நாள் இருக்க மாட்டாரே.

அன்புடன்,
கெல்வின்


மவுண்ட் ஐசா
மே 23

அன்புள்ள முழங்காலுக்கும் அதன் சொந்தக்காரனுக்கும்,

மணிக்கட்டு ஆறிவிட்டது. ரொட்டி மாவு பிசையும்போது மட்டும் ஞாபகப்படுத்துகிறது.

போன் விஷயத்தில் உன் அக்கா கழுதை என்று எழுதிவைத்துக்கொள். நான் எந்தப் புதரோரம் ஒதுங்குகிறேன் என்று இரண்டு ஆண்கள் உட்கார்ந்து பார்க்க வேண்டுமா? அத்தான் ஏற்கெனவே பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார். என் போன் எங்கே போனாலும் அவர் போனில் ஒரு நீலப் புள்ளி நகரும். போன வாரம் மீன் கடையில் ஜானெட்டோடு நின்று பேசிவிட்டேன். வீட்டுக்கு வந்ததும் வாசலிலேயே நிற்கிறார். "மீன் வாங்க இவ்வளவு நேரமா? மீன் என்ன, உனக்குக் கதை சொல்லுச்சா?" என்றார். அக்கறையான மனிதர்.

நீ அனுப்பும் கருவியைப் பற்றி ஒன்று சொல். அது யாரிடமாவது பேசுமா? நான் எங்கே இருக்கிறேன் என்று யாருக்காவது சொல்லுமா? இதற்கு மட்டும் விளையாடாமல் பதில் எழுது.

எதற்கும் இருக்கட்டும் என்று பேப்பர் கடையில் ஒரு ரோட்டுப் படப் புத்தகம் வாங்கிவிட்டேன். காகிதத்துக்கு வாய் கிடையாது.

பின்னால் ஓட்டப் பழகுகிறேன். கேன்டீனுக்குச் சாப்பிட வரும் லாரிக்காரர்களுக்கு இதுதான் இப்போது சினிமா. ஹெமி என்று ஒருவன், நியூசிலாந்து மாவோரி ஆள், மலை மாதிரி உடம்பு. மூன்று பெட்டி கோத்த லாரியை டார்வின் வரை ஓட்டுகிறவன். நேற்று வண்டியை மடக்கிக் குப்பைத் தொட்டியில் இடித்தேன். "அக்கா, தொட்டி சாகலை. இன்னொரு தடவை வாங்க" என்றான். அவனுக்கு இன்று முட்டையைக் கருக்கிக் கொடுத்தேன்.

ஆனால் நல்லவன். வண்டியின் பின்பக்கம் வெள்ளைப் பெயின்டில் அவன்தான் எழுதிக் கொடுத்தான், எல்லாக் கேரவன்காரர்களும் எழுதிக்கொள்வார்களே, அந்த மாதிரி: "பொறுமை! உள்ளே ரேலீன். சேனல் 18." பிக்கப்பில் பேசவும் கேட்கவுமான ஒரு ரேடியோவும் மாட்டிவிட்டான். பின்னால் வருகிறவர் ரேடியோவில் பதினெட்டைத் திருப்பி, "ரேலீன், நான் தாண்டிப் போகட்டுமா?" என்று கேட்கலாம். என் பெயர் இவ்வளவு பெரிய எழுத்தில் இதுவரை எங்கேயும் வந்ததில்லை. தினமும் போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன்.

குப்பைத் தொட்டியை வென்றவள்,
ரேலீன்


கூனுனுரா
ஜூன் 2

அன்புள்ள அக்கா,

கருவி இத்துடன் வருகிறது. விளையாடாமல் பதில்: அது வானத்திலிருந்து வருவதைக் கேட்டுக்கொள்ளும், அவ்வளவுதான். யாரிடமும் பேசாது. ரேடியோவும் நீ பட்டனை அழுத்தினால்தான் பேசும். கேட்பதற்கு அழுத்த வேண்டாம். லாரிக்காரர்கள் நாற்பதாம் சேனலில் இருப்பார்கள், கேரவன்காரர்கள் பதினெட்டில். எட்டும் தூரம் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர்தான். கரகரப்பு அதிகமென்றால் பேசுகிறவர் தூரத்தில், தெளிவாகக் கேட்டால் பக்கத்தில்.

ஏன் இப்படிக் கேட்டாய் என்று புரியவில்லை. நீ தொலைந்துவிடுவாய் என்பதுதான் என் பயம். உன் பயம் நேர்மாறாக இருக்கிறது.

அடுத்த கடிதத்தை வழியில் இருக்கும் டெனன்ட் கிரீக் தபால் நிலையத்துக்கு அனுப்புகிறேன். பெயர் சொல்லி வாங்கிக்கொள். அதற்கடுத்தது கேத்தரினுக்கு. அத்தானுக்கு என் அன்பு. உடம்பைப் பார்த்துக்கொள்.

கெல்வின்


கேமூவீல்
ஜூன் 13

அன்புள்ள தம்பி,

கிளம்பிவிட்டேன். முழங்காலை நீட்டி உட்கார்ந்து படி.

என் போன் கேன்டீனில் அரிசி டப்பாவுக்குப் பின்னால் சார்ஜில் கிடக்கிறது. நீலப் புள்ளி இன்றைக்கு இரண்டு வேலை நேரமும் சேர்த்துப் பார்க்கிறது. நான் அவ்வளவு ஒழுங்காக ஒரு நாளும் வேலை பார்த்ததில்லை.

உன் கருவிக்குள் ஒரு பெண் இருக்கிறாள். மேடம் என்று பெயர் வைத்திருக்கிறேன். எல்லாம் தெரிந்தவள் மாதிரி பேசுகிறாள். ராத்தங்க இடம் கேட்டேன். வலது பக்கம் ஒரு மாட்டுப் பண்ணைத் தடத்தில் இறக்கிவிட்டாள். இரண்டு பக்கமும் முள்கம்பி, நடுவில் என் அகலம்தான் வழி. போகப் போகப் புல் உயர்ந்தது. கடைசியில் பூட்டிய கேட். "வந்து சேர்ந்துவிட்டீர்கள்" என்றாள் மேடம்.

பின்னால் ஓட்டப் பார்த்தேன். வண்டி மடங்கியது. மறுபடி முன்னால், மறுபடி பின்னால். கை வழுக்கியது. சுற்றிலும் ஒரு சத்தம் இல்லை. அப்போது எனக்கு வந்த பயம் பாம்புப் பயமோ வழி தவறின பயமோ இல்லை, தம்பி. இப்போது யாராவது பின்னால் வந்து நின்றால் எனக்குப் போக ஒரு பக்கமும் இல்லையே என்றுதான். கொக்கியைக் கழற்றி, வண்டியைக் கையால் தள்ளித் திருப்பி, மறுபடி மாட்டினேன். மணிக்கட்டு இரண்டு நாளைக்குப் பேசாது.

இனி மேடம் சொல்வதைக் காகிதத்தில் சரிபார்த்த பிறகுதான் திரும்புவேன். அவசரமில்லாமல் வருகிறேன். நடுவில் ஒரு தண்ணீர்த் தொட்டியோரம் மரங்களுக்குப் பின்னால் சில நாள் தங்கப் போகிறேன். உன் கடிதம் எனக்கு முன்னால் டெனன்ட் கிரீக் போய்ச் சேரட்டும்.

ரேலீன்

வாரிக் போன் செய்தால் நான் நன்றாக இருக்கிறேன் என்று மட்டும் சொல். வேறெதுவும் சொல்ல வேண்டாம், அவருக்குக் கவலை.


கூனுனுரா
ஜூன் 15

அன்புள்ள அக்கா,

இதை நீ டெனன்ட் கிரீக்கில் படிக்கும்போது பாதி வழியை நெருங்கியிருப்பாய். சபாஷ். கேமூவீலிலிருந்து நீ எழுதியிருந்தால் அது இன்னும் என் கைக்கு வரவில்லை.

நேற்று அத்தான் பேசினார். அக்கா, நீ செய்தது சரியில்லை. ஒரு வார்த்தை சொல்லாமலா கிளம்புவது? அழுதார். அவர் அழுது நான் கேட்டதே இல்லை. "கெல்வின், அவ போனைக்கூட எடுத்துட்டுப் போகலைடா. வழியில என்ன ஆகுமோ. நானும் பின்னாடியே போயிடறேன், அவளைத் தனியா விட என்னால முடியாதுடா" என்றார்.

நான் ஆறுதலாக எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். பச்சைக் கூடார வண்டி, பின்னால் பெயர், ரேடியோவில் பதினெட்டாம் சேனல், டெனன்ட் கிரீக் தபால் நிலையத்தில் என் கடிதத்தை வாங்குவாய் என்பது. இரண்டு பேரும் சேர்ந்தே வாருங்கள். பெரிய பாரமுண்டி மீனாகப் பிடித்துவைக்கிறேன்.

அவரிடம் கோபித்துக்கொள்ளாதே.

அன்புடன்,
கெல்வின்


கூனுனுரா
ஜூன் 20, சனி

அக்கா,

இந்தக் கடிதத்தைக் கேத்தரினுக்கு அனுப்புகிறேன். டெனன்ட் கிரீக்குக்கு அனுப்பிப் பயனில்லை, நேரமாகிவிட்டது. நீ நலமா என்று கேட்கும் தகுதிகூட எனக்கு இல்லை.

உன் கேமூவீல் கடிதம் நேற்று வந்தது. கடைசி வரியைப் படித்தேன். அதற்குப் பிறகுதான் உன் பழைய கடிதங்களை எடுத்து மறுபடி படித்தேன். தவளை, முற்றம், மீன் கடை. உடனே உன் கேன்டீனுக்குப் போன் செய்தேன். எடுத்தவர்கள் பேசத் தயங்கினார்கள். ஹெமி அங்கே சாப்பிட்டுக்கொண்டிருந்தான் போலிருக்கிறது, போனைப் பிடுங்கிக்கொண்டான்.

"யாருடா நீ, தம்பியா? தம்பியா இருந்துக்கிட்டு உனக்கு ஒண்ணும் தெரியாதா? அக்கா படியில விழலைடா. அவன் அவங்க கையைக் கதவுல வெச்சு சாத்தினான். ஊர்ல எல்லாருக்கும் தெரியும்."

அவனிடம் நான் வாரிக்குக்குச் சொன்னதைச் சொன்னேன். பிறகு, "சரி. நான் டார்வினுக்கு லோடு ஏத்திட்டேன். இப்பவே கிளம்பறேன். அதே ரோடுதான்" என்று வைத்துவிட்டான்.

டெனன்ட் கிரீக் தபால் நிலையத்துக்குப் போன் அடித்துக்கொண்டே இருக்கிறேன். இன்றும் நாளையும் பூட்டு. போலீசில் சொல்லிவிட்டேன், பார்க்கிறோம் என்றார்கள். வாரிக் ஏற்கெனவே கிளம்பிவிட்டான், வழியோரம் வண்டிகள் தங்கும் இடமெல்லாம் உன்னைத் தேடிக்கொண்டே வருகிறானாம். நீ எந்த மரத்துக்குப் பின்னால் இருக்கிறாய் என்று யாருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. தெரியாமலிருப்பதே நல்லது என்று இப்போது தோன்றுகிறது.

நீ தொலைந்துவிடக் கூடாது என்று பயந்தவன் நான். தொலைந்து போ, அக்கா. திங்கட்கிழமை மட்டும் அந்தத் தபால் நிலையத்துக்குப் போகாதே.

கெல்வின்


ஊர் பெயர் எழுதவில்லை
ஜூன் 24

தம்பி,

உயிரோடு இருக்கிறேன். நீ கடிதத்தைக் கடைசியிலிருந்து படிக்கிறவன், அதனால் கடைசியிலும் இதையே எழுதுவேன்.

திங்கள் காலை டெனன்ட் கிரீக் தபால் நிலையத்தில் உன் கடிதத்தை வாங்கினேன். வாசலில் உட்கார்ந்து சாண்ட்விச் தின்றுகொண்டே படித்தேன். "எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்" என்ற இடம் வந்ததும் கடிதத்தை மடித்தேன். பக்கத்திலிருந்த நாய்க்கு மிச்சத்தைக் கொடுத்துவிட்டு எழுந்தேன். போலீஸ் ஸ்டேஷன் அதே தெருவில்தான் இருந்தது. அங்கே போயிருக்கலாமே என்பாய். பயந்துவிட்டால் தலை யோசிப்பதில்லை, கால்தான் யோசிக்கிறது. என் கால் பிக்கப்பில் ஏறிவிட்டது.

அந்த ரோடு உனக்குத் தெரியும். கிழக்கேயிருந்து வரும் ரோடு த்ரீ வேஸ் முச்சந்தியில் முட்டும். அங்கிருந்து தெற்கே திரும்பினால் டெனன்ட் கிரீக், வடக்கே போனால் கேத்தரின். நான் உன் கடிதத்துக்காகத் தெற்கே இறங்கியிருந்தேன். இனி வடக்கே ஏற வேண்டும். ஊருக்குள் அவனைக் காணவில்லை என்றால், இனிமேல் அவன் அந்த முச்சந்தியிலிருந்துதான் தெற்கே வருவான். ஒரே ரோடு. நடுவில் ஒளிய ஒரு தெருவும் இல்லை.

ஊரைத் தாண்டிக் கொஞ்ச தூரம்தான் போயிருப்பேன். ரேடியோ கரகரத்தது. பதினெட்டு.

"ரேலு... ரேலு கண்ணு... நான்தாம்மா. கேக்குதா? வண்டியை ஓரமா நிறுத்தும்மா. கோபமே இல்லை. உக்காந்து பேசிக்கலாம்."

இந்தக் குரல் எனக்குத் தெரியும். கிறிஸ்துமஸ் அன்றும் இதே குரலில்தான் "கையை இங்கே வை, கண்ணு" என்றான்.

பட்டனிலிருந்து கையை எடுத்துத் தொடைக்குக் கீழே வைத்துக்கொண்டேன், தன்னையறியாமல் அழுத்திவிடுமோ என்று. அவன் மறுபடி பேசினான். "பின்னாடி ரேலீன்னு எழுதின பச்சைக் கூடார வண்டி. என் பெண்சாதிங்க. உடம்பு சரியில்லாதவ. யாராவது பார்த்தீங்களா?"

ஒரு கிழவர் குரல் உற்சாகமாகப் பதில் சொன்னது. "பார்த்தோமே! நானும் என் வீட்டம்மாவும் சிரிச்சுக்கிட்டே வந்தோம். டெனன்ட் கிரீக்கை விட்டு வடக்கே வந்துக்கிட்டிருக்கு தம்பி. இப்பத்தான். நேரா உங்க எதிர்லதான் வருது!"

நல்ல மனிதர். உதவி செய்தார். பெரிய எழுத்தில் பெயர் போட்டுக்கொண்ட கழுதை நான்தான்.

வாரிக் சிரித்தான். "ரொம்ப நன்றி, பெரியவரே." கரகரப்பு குறைந்திருந்தது. நீதான் எழுதியிருந்தாய், தெளிவாகக் கேட்டால் பக்கத்தில் என்று. அந்த வரியை ஏன் எழுதினாய் என்று உன்னைத் திட்டினேன். திரும்பி ஓடலாமென்றால் என் வண்டி அந்த ரோட்டில் ஒரே மூச்சில் திரும்பாது. பின்னாலும் போகாது.

லாரிக்காரர்களின் நாற்பதுக்குத் திருப்பினேன். பட்டனை அழுத்தினேன். என்ன சொல்வதென்று தெரியவில்லை. "முட்டை கருகிப்போச்சு" என்றேன். நிஜமாகவே அதுதான் வாயில் வந்தது.

"அக்கா!" ஹெமியின் குரல். பெரிய ஆள் அழுதால் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது. "பதினெட்டுல பேசினதெல்லாம் கேட்டேன். பேரைச் சொல்லாதீங்க. எங்க இருக்கீங்கன்னும் சொல்லாதீங்க. ஊரை விட்டு வெளிய வந்தாச்சா? ஆமான்னு மட்டும் சொல்லுங்க."

"ஆமா."

"வலது பக்கம் சிவப்பு மண் மேடு வரும். ரோடு போட்டவங்க மண் எடுத்த குழி. மேட்டுக்குப் பின்னாடி போயிடுங்க."

"சுத்தி வெளிய வர இடம் இருக்குமாடா? எனக்குப் பின்னால ஓட்ட வராதுடா."

"மூணு பெட்டி லாரியே அதுல திரும்பும். உங்க ஃப்ரிட்ஜ் திரும்பாதா?"

புத்தகத்தை மடியில் விரித்துப் பார்த்தேன், அங்கே வெறும் வெள்ளை. மேடத்தின் திரையிலும் ஒன்றுமில்லை. மண் மேடு வந்தது. திரும்பினேன். "பாதையை விட்டு விலகிவிட்டீர்கள், முடிந்தபோது திரும்பவும்" என்றாள் மேடம். அவள் வாயை மூடி, எஞ்சினை நிறுத்தி, ரேடியோவைப் பதினெட்டுக்குத் திருப்பி, சத்தத்தைக் குறைத்துக் காதை வைத்துக் கேட்டேன்.

ஹெமி பதினெட்டுக்கு வந்திருந்தான். குரலை மாற்றி, சோம்பலாக, கொட்டாவி விட்டுக்கொண்டு பேசினான். "யாருப்பா பச்சை வண்டியைத் தேடுறது? அந்தப் பெரியவர் பார்த்தப்புறம் அது திரும்பிடுச்சே. நான் தெற்கேயிருந்து வர்றேன். ஊரைத் தாண்டி ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் ரோட்டுல எனக்கு எதிர்ல போச்சு. டயர்ல புகை வர்ற மாதிரி ஓட்டுறாங்க அந்தம்மா."

பிறகு வாரிக்கின் குரல் வந்தது. அதில் கண்ணும் இல்லை, அம்மாவும் இல்லை. எழுதக் கூடாத ஒரு வார்த்தை மட்டும். மேட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு வண்டி போகும் சத்தம். நான் பார்க்கவில்லை. தலையை மடியில் வைத்து இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டேன். ஐம்பத்துமூன்று வயதில் இடிக்குப் பயந்த பிள்ளை மாதிரி.

பொத்திய கையை எடுத்தபோது ரேடியோவில் அவன் இன்னும் என்னைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தான். ஆனால் கரகரத்தது. இன்னும் கரகரத்தது. பிறகு வெறும் இரைச்சல். அதைவிட இனிமையான சத்தம் நான் கேட்டதில்லை.

ஹெமி வந்து சேர்ந்து, அடுப்பு துடைக்கும் மருந்தைப் போட்டு என் பெயரைச் சுரண்டி எடுத்தான். "நல்லா எழுதியிருந்தேன்ல?" என்று வருத்தப்பட்டான்.

இனி உன்னிடம் வர முடியாது. உன் வீடு அவனுக்குத் தெரியும். எங்கே போகிறேன் என்று எழுத மாட்டேன். நீ சொல்லிவிடுவாய் என்றில்லை, தெரிந்தால் உனக்குத் தூக்கம் போய்விடும். உன் மேல் கோபமா என்றால், இல்லை. நான் உன்னிடம் எதையும் சொல்லாததால்தானே நீ அவனிடம் எல்லாம் சொல்லிவிட்டாய்.

இந்தக் கடிதத்தை ஹெமி டார்வினில் தபாலில் போடுவான். முழங்காலுக்கு எண்ணெய் போடு.

உயிரோடு இருக்கும்,
அக்கா


கூனுனுரா
ஜூலை 6

அன்புள்ள அக்கா,

ஹெமி இங்கே வந்திருக்கிறான், அவன் கையில் இதைக் கொடுக்கிறேன். உன்னிடம் எப்படிச் சேரும் என்று கேட்கவில்லை. நலமா? சாப்பிடுகிறாயா? அதற்கும் பதில் வேண்டாம்.

நடந்ததைச் சொல்கிறேன். வாரிக் போன வாரம் இங்கே வந்தான். நான் கேட்டைத் திறக்கவில்லை. கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று, "எங்கேடா ஒளிச்சு வெச்சிருக்கே?" என்றான். "எனக்கே தெரியாது, போய்யா" என்றேன். உண்மையைச் சொல்வது இவ்வளவு சுகமாக இருக்கும் என்று தெரியாது. போலீஸ் வந்தது. ஹெமியும் கேன்டீன்காரர்களும் எழுதிக் கொடுத்ததை வைத்து, அவன் உன் அருகிலும் என் வீட்டருகிலும் வரக்கூடாது என்று கோர்ட்டில் உத்தரவு வாங்கியாகிவிட்டது. மவுண்ட் ஐசாவுக்குத் திரும்பிவிட்டானாம். பார்த்ததாக ஹெமி சொல்கிறான். உத்தரவு ஒரு காகிதம்தான், எனக்கும் தெரியும். வா என்று சொல்ல மாட்டேன்.

ஆனால் ஒரு வேலை செய்திருக்கிறேன். என் வீட்டுக்குள் வரும் வழி முட்டுவழி, நினைவிருக்கிறதா? உள்ளே வந்தால் பின்னால்தான் ஓட்ட வேண்டும். இரண்டு மாமரங்களை வெட்டிவிட்டேன். வேலியை உடைத்து, கிழக்கே இன்னொரு கேட் வைத்தேன். இப்போது ஒரு கேட்டில் நுழைந்து, வீட்டைச் சுற்றி, மறு கேட்டில் வெளியே போகலாம். நிற்கக்கூட வேண்டாம்.

மரங்கள் நன்றாகக் காய்த்தவைதான். போகட்டும்.

தம்பி


ஊர் பெயர் இல்லை
ஜூலை 21

அன்புள்ள மரம்வெட்டிக்கு,

நலம். கேத்தரினுக்கு நீ அனுப்பிய கடிதமும் கிடைத்தது. "தொலைந்து போ" என்று அக்காவுக்கு எழுதிய ஒரே தம்பி நீதான். அதை மடித்து மேடத்தின் உறைக்குள் வைத்திருக்கிறேன்.

சிரிப்பது மறக்கவில்லை, ஆனால் சத்தங்கள் பிடிப்பதில்லை. யாராவது கதவைத் தட்டினால் உடம்பு தானாகப் பின்னால் போகிறது. வண்டி போகாவிட்டாலும் நான் போகிறேன்.

இனி அந்தி நேரத்தில் ரேடியோவைப் போட்டு வை. பதினெட்டு இல்லை. நீ பிறந்த தேதிதான் சேனல். நான் பேச மாட்டேன். பட்டனை இரண்டு தடவை தட்டினால் அது நான், கேட்டைத் திற. ஒரு தடவை மட்டும் கேட்டால் கேட்டைப் பூட்டிவிட்டுப் போலீசைக் கூப்பிடு. ஒன்றுமே கேட்காவிட்டால் நீ பாட்டுக்குச் சாப்பிட்டுத் தூங்கு.

எந்த நாள் என்று கேட்காதே.

ரேலீன்


கூனுனுரா
ஆகஸ்ட் 3, காலை

அன்புள்ள அக்கா,

உன் கூடாரத்துக்கும் என் சமையலறைக்கும் நடுவே ஒரு துணிக்கொடிதான் இருக்கிறது. இருந்தாலும் எழுதுகிறேன். கதவைத் தட்டினால் பிடிக்காது என்று எழுதியிருந்தாயே, கூடாரத்துக்கும் அது பொருந்தும் என்று நினைக்கிறேன். இதை உன் வண்டிச் சக்கரத்தில் செருகிவிட்டுப் போகிறேன்.

நேற்று அந்தியில் முதல் தட்டு கேட்டது. இரண்டாவது வரும்வரை நான் மூச்சு விடவில்லை. அந்த இடைவெளியில் எனக்கு வயதாகிவிட்டது. வேண்டுமென்றே நேரம் எடுத்துக்கொண்டாயா? உன்னைத் தெரியும், எடுத்துக்கொண்டிருப்பாய்.

இப்போது ஜன்னலிலிருந்து பார்க்கிறேன். உன் பிக்கப்பின் மூக்கு கிழக்குக் கேட்டைப் பார்த்து நிற்கிறது. கொக்கியை நீ கழற்றவில்லை. சாவியும் வண்டியிலேயே இருக்கிறது. அப்படியே இருக்கட்டும். அதற்காகத்தான் அந்தக் கேட்டை வைத்தேன். நீ விழிக்கும்போது அது திறந்தே இருக்கும்.

டீ போட்டிருக்கிறேன். மீன் பொரிக்கிறேன். வர வேண்டுமென்றில்லை.

உன் உடல்நலம் விசாரிக்கும்,
கெல்வின்


(அதே தாளின் பின்பக்கம், பென்சிலில்)

தம்பி,

இரண்டாவது தட்டுக்கு நேரம் எடுத்தது வேண்டுமென்றுதான். கை நடுங்கியது என்று சொன்னால் நம்ப மாட்டாய், அதனால் வேண்டுமென்று.

நன்றாகத் தூங்கினேன். இரண்டு தடவைதான் எழுந்து கேட்டைப் பார்த்தேன்.

உன் டீ இங்கேயே நாறுகிறது, இலையைக் கொதிக்கவிட்டுக் கொன்றிருக்கிறாய். இரு, நான் வந்து போடுகிறேன். அதற்கு முன்னால் நீ ஒன்று செய். சத்தம் போட்டு, உன் பெயரைச் சொல்லிக்கொண்டே, எனக்குத் தெரிகிற மாதிரி முன்பக்கமாக நடந்து வா.

வந்து இந்தக் கொக்கியைக் கழற்று. என் மணிக்கட்டால் முடியவில்லை.

அக்கா